பதிவுத் தபால் ஏதாவது வந்ததா?

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் விட்டதா? உன் பிள்ளை ராத்திரி சரியாகத் தூங்குகிறானா?

நேற்று முதலாவது மடத்துக்கு வந்து சேர்ந்தோம். எழுநூறு வருடத்துக் கட்டடம். சுவர் ஒரு ஆள் நீளத்துக்குத் தடிமன். துறவிகள் பதினொரு பேர்தான் மிச்சம். எங்களுக்குக் கொடுத்த அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. "மறைக்க என்ன இருக்கு?" என்று இவர் சிரிக்கிறார்.

கல்யாணமாகி இருபத்துநாலு வருடம். பல்கலைக்கழக உதவிப் பதிவாளர் நாற்காலியை விட்டு என்னோடு அடுத்த தெருவுக்குக்கூட காற்று வாங்க வராத மனிதர், திடீரென்று மூன்று மாத விடுப்பு எழுதிக் கொடுத்து, எனக்கும் எழுதவைத்து, மடம் மடமாகவும் கடற்கரை கடற்கரையாகவும் காரில் கூட்டிப் போகிறார். நீ என்னை அதிர்ஷ்டக்காரி என்றாய். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பிப்ரவரி 11 அன்று என் பொறுப்பிலிருந்த திருத்தும் முகாமில் ஒரு விடைத்தாள் கட்டு காணாமல் போனது உனக்குத் தெரியும். நாற்பது தாள். தொலைந்த தாளுக்குச் சராசரி மதிப்பெண் போட வேண்டும் என்பது விதி. நாற்பது பேரும் தேறிவிட்டார்கள், பழி கட்டுக்காரர்மேல் விழுந்தது. முப்பது வருடமாகக் கட்டுகளைக் காத்தவர் இன்று பணிநீக்கத்தின் வாசலில் நிற்கிறார். அன்று இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை அவர் என் எதிரில் உட்கார்ந்து வேறு கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். தேநீர்கூட உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. இதைச் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. விசாரணைக் குழுவின் அழைப்பு பதிவுத் தபாலில் என் வீட்டுக்கு வரும். வந்த அன்றே எனக்கு அனுப்பு. அடுத்து தங்கும் ஊர்களின் தபால் நிலைய முகவரிகளைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

நீயும் அம்மா வழக்கத்தை விடவில்லைபோல. பயணத்துக்குக் கொடுத்துவிட்ட மாத்திரையைப் பழைய உறையைத் திருப்பி ஒட்டித்தான் போட்டிருக்கிறாய். பார்த்ததும் சிரித்தேன்.

உன் தங்கை

•

ஏப்ரல் 15

என் செல்லத் தங்கச்சிக்கு,

அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. எல்லோரும் நலம். முதுகு அப்படியேதான். எனக்கும் அதற்கும் பழகிப்போய்விட்டது.

தினமும் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுகிறேன். மாடி ஜன்னல் கொக்கி கழன்றிருந்தது. கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை உன் வாசல் மிதியடியில் குட்டி போட்டிருக்கிறது. மூன்று. விரட்ட மனசு வரவில்லை.

நம் பையனுக்கு அந்த வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது! ஜூலை இரண்டாம் தேதி கிளம்புகிறான். வீடே தலைகீழாகக் கிடக்கிறது. சித்தி இல்லாத நேரமாகப் பார்த்து நல்லது நடக்கிறதே என்கிறான்.

உனக்கு வந்த இரண்டு சஞ்சிகையும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் இதோடு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை மனசு கோணாமல் நடந்துகொள். எதையும் கிளறாதே. கடற்காற்றை நன்றாக வாங்கு.

அக்கா

•

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிந்து சந்தோஷம். வேலை கிடைத்தவனுக்கு என் முத்தம். பூனைக்குப் பழைய சாக்கு ஒன்று போடு.

இது ஒரு மீன்பிடி ஊர். விடுதித் திரைச்சீலைகள் எப்போதும் ஈரம். காரின் முன்கண்ணாடியைக் காலையில் துடைத்தால் துணி உப்பாகிறது. மேட்டில் இரண்டாவது மடம். அங்கே ஒரு மரப்பெட்டியைக் காட்டினார்கள். முன்பெல்லாம் துறவிகளுக்கு வரும் கடிதங்கள் அதில் விழுமாம். மடத்துத் தலைவர் பிரித்துப் படித்து, தேவையென்று நினைத்ததை மட்டும் உரியவருக்குக் கொடுப்பாராம். "அநியாயமா இருக்கே" என்றேன். வழிகாட்டித் துறவி, "எல்லாருக்கும் தெரிஞ்சேதான் செஞ்சாங்கம்மா" என்றார். இவர் சட்டென்று வெளியே போய்விட்டார். தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம்.

இவருக்குப் புதிதாக ஒரு பழக்கம். நான் எழுந்திருக்கும் முன்பே தபால் நிலையத்துக்கு நடந்து போய் வந்துவிடுகிறார். "உனக்கு முட்டிவலி, எதுக்கு ரெண்டு பேரும் நடக்கணும்?" என்கிறார். என் முட்டிவலி இருபது வருடமாக இருக்கிறது. இவர் கண்ணில் இப்போதுதான் பட்டிருக்கிறது.

நீ பூனை எழுதினாய், ஜன்னல் கொக்கி எழுதினாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. பதிவுத் தபால் ஏதாவது வந்ததா?

தங்கை

•

மே 4

என் தங்கச்சிக்கு,

அனைவரும் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

அடி சந்தேகப் பிராணி! சின்ன வயதில் நான் கொடுத்த மிட்டாயையே மோந்து பார்த்துவிட்டுத் தின்றவள் நீ. மறந்துவிட்டேன், அதனால் எழுதவில்லை. அப்படி எதுவும் வரவில்லை. வந்தால் அனுப்பமாட்டேனா?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. எதற்கு இந்த வம்பு? அந்தக் கட்டுக்காரருக்கு இன்னும் இரண்டு வருடம்தான் வேலை. நீ போய் அவர் எடுக்கவில்லை என்று நின்றால், அப்புறம் கட்டு அறையின் இன்னொரு சாவி யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள். கேட்டால் எங்கே போய் முடியும்? ஊர் வேலியை அடைக்கப் போய் உன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிடாதே.

பையனுக்குக் குளிர் உடுப்பு வாங்கினோம். அத்தான் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டினார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அக்கா

•

மே 13

அக்காவுக்கு,

நலம். நலமாக இருங்கள்.

இன்னொரு சாவி இருப்பதை நான் உனக்கு எழுதியதுமில்லை, சொன்னதுமில்லை. தேர்வுப் பிரிவில் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. உனக்கு யார் சொன்னது?

அந்தச் சாவி உதவிப் பதிவாளரிடம் இருக்கும். இந்த வாக்கியத்தை மூன்று மாதமாக மனதில்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்காமல் இருந்தேன். இப்போது உன்னால் எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை இந்த ஊர் தபால் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ட்ரங்க் கால் போட்டேன். ஒன்றரை மணிநேரம் பெஞ்சில் காத்திருந்த பிறகு ஒரு குமாஸ்தா கிடைத்தார். "சாட்சிக்கெல்லாம் ஏப்ரல்லயே அனுப்பியாச்சே மேடம். போன வாரம் ஒரு வாய்தாவும் முடிஞ்சுது. வராதவங்க வரல." அதற்குமேல் இரைச்சல்தான்.

அன்றே குழுவுக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று எழுதினேன். இவர் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கிப் போனார். திரும்பிவந்து, பயணத்தை ஜூலை கடைசிவரை நீட்டலாமா என்று கேட்டார். இன்னும் நாலு மடம் பாக்கி இருக்கிறதாம். மூன்றாவது மடத்தில் இவர் எதையும் பார்க்கவில்லை அக்கா. ஓவியங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலையே பார்த்து நின்றார்.

ஏப்ரலில் அனுப்பியது எங்கே?

தங்கை

•

மே 29

அக்கா,

இரண்டு தபால் நிலையத்தில் கேட்டுவிட்டேன். உன்னிடமிருந்து எதுவும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அத்தானுக்கு?

குழுவும் பதில் போடவில்லை. இரண்டாவது கடிதமும் எழுதினேன். அதையும் இவர்தான் கொண்டுபோனார். இந்தக் கடிதத்தை நானே நடந்து போய்ப் போடுகிறேன். முட்டி வலித்தால் வலிக்கட்டும்.

தங்கை

•

ஜூன் 3

என் கண்ணான தங்கச்சிக்கு,

அக்காவின் அன்பு. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ கவலைப்பட்டுத் துரும்பாகிவிடாதே.

வேலை மும்முரத்தில் எழுத முடியவில்லை. பையன் பெட்டியை நாலு தடவை அடுக்கி நாலு தடவை பிரித்தாயிற்று. எடை கூடிவிடுகிறது. அவன் புத்தகத்தை எடுக்கிறான், நான் போர்வையை வைக்கிறேன். போகும்போது சித்தி இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறான். ஆனாலும் நீ அவசரப்பட்டுத் திரும்பாதே. அவன் வேண்டுமானால் வழியில் ஒருநாள் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

பூனைக்குட்டி ஒன்றைத் தபால்காரர் கேட்டார். கொடுத்துவிட்டேன். கடலோரம் கலங்கரை விளக்கம் இருக்குமே, ஏறினாயா? சாவி விஷயம் நீயே எப்போதோ வாய் தவறிச் சொன்னதுதான். உனக்கு மறதி.

அக்கா

•

ஜூன் 10

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

ஒருமுறை திருப்பி ஒட்டிய உறை மறுபடி உறைக்கு உதவாது, பிரித்துத் துண்டுத்தாளாக்கு என்று அம்மா சொல்வாள். உன் கடிதம் வந்த பழுப்பு உறையை இன்று காலை அப்படித்தான் பிரித்தேன், பாதைக் குறிப்பு எழுதலாம் என்று. உள்பக்கத்தில் என் பெயர் தட்டச்சில் இருந்தது. என் வீட்டு முகவரி. விசாரணைக் குழுவின் முத்திரை. பதிவுத் தபால் எண். மே 26.

கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். பிரித்திருக்கிறாய். பிறகு நல்ல கனமான காகிதம், வீணாக்குவானேன் என்று திருப்பி ஒட்டி, அதிலேயே எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாய். உன்மேல் கோபப்படுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் சிரித்தேன். இதை நம் அம்மா பெற்ற பெண்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

உறையை இவர் முன்னால் மேசையில் விரித்தேன். பார்த்தார். பிறகு காருக்குப் போய் முன்பெட்டியைத் திறந்து, குழுவுக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களையும் எடுத்துவந்து உறைக்குப் பக்கத்தில் வைத்தார். தபால்தலை ஒட்டியபடி இருந்தன.

"தேதி என்ன?" என்றேன்.

"பதினாலு. காலைல பதினோரு மணி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அக்கா எனக்குத் தனியா எழுதுவாங்க. அதுக்குத்தான் காலைலயே போவேன்."

"கட்டு?"

"எரிச்சுட்டேன்."

"யாருக்காக?"

"அத உங்க அக்காகிட்ட கேளு."

இங்கிருந்து இரண்டு நாள் பாதை. பேருந்து நாளை மறுநாள்தான். இவர் கேட்டார்: "பஸ்ல ஏத்திவிட்டா நம்புவியா, நானே ஓட்டினா நம்புவியா?"

"ரெண்டையும் நம்பமாட்டேன்."

"அப்போ கார்லயே வா. கண்ணு முன்னாலயாவது இருப்பேன்."

வரைபடம் என் மடியில் இருக்கும். எந்தத் திருப்பத்தில் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டே வருவேன். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நீ செய்யவேண்டியது ஒன்றுதான். அந்த அழைப்பை என் சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் வை.

தங்கை

•

ஜூன் 12, உன் வீட்டில், சாப்பாட்டு மேசைமேல்

தங்கச்சி,

அழைப்பு இரண்டும் இதற்கு அடியில் இருக்கின்றன. முதலில் வந்ததும் சேர்த்து. வந்ததும் ஏதாவது சாப்பிடு. ரொட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையைத் திட்டாதே. அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார். உனக்குத் தெரியாமல் இரண்டு வாரம் அவர் அலுவலகத்துக்கு நடந்தேன். கடைசி நாள் அவர் அறையில் காலில் விழுந்தேன். என்னைவிட வயதில் சின்னவர் காலில். அந்த அவமானத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் சரி என்றார்.

பையன் அந்த ஒரு தாளில் ஒன்றுமே எழுதவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொல்லிவிட்டான். முதல் வருடம் தோற்றபோது மூன்று மாதம் அறையைவிட்டு வெளியே வராதவன். மறுபடி அப்படி ஒன்றைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. கட்டு தொலைந்ததைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அத்தானுக்கும் தெரியாது.

பயணம் என் யோசனை. கட்டுக்காரர்மேல் பழி விழும் என்று நான் நினைக்கவில்லை. விழுந்த பிறகு, நீ கொஞ்ச நாள் தள்ளி இருந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

பால் குளிர்பெட்டியில் இருக்கிறது. உன் வீட்டுச் சாவியைச் செடித்தொட்டிக்கு அடியில் வைக்கிறேன்.

அக்கா

•

ஜூன் 16

அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம் என்றுதான் எழுதவேண்டும். எழுதிவிட்டேன்.

இவர் ஒரு திருப்பத்தையும் தவறவிடவில்லை. எஞ்சின் சூடாகிவிட்டது என்று இரண்டு முறை நிறுத்தினார். இரண்டு முறையும் நானும் இறங்கி மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகும் நம்பவில்லை.

விசாரணை அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். கட்டுக்காரர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சுற்றுலால்லாம் நல்லா இருந்துச்சாம்மா?"

உட்காரச் சொன்னேன். அவரே தொடர்ந்தார்: "போன வாய்தாவுக்கு நீங்க வரலைன்னதும் ஆபீஸ்ல சொன்னாங்க, அம்மாவுக்கு வர இஷ்டமில்லைன்னு. நான் நம்பலைம்மா. வீட்டுக்காரிகிட்டகூட சொன்னேன், அந்தம்மா ஒருநாள் லீவு போட்டு நான் பார்த்ததில்ல, நிம்மதியா நாலு இடம் பார்த்துட்டு வரட்டும்னு."

உள்ளே இரண்டே கேள்விகள். அன்று இரண்டிலிருந்து ஆறுவரை அவர் எங்கே இருந்தார்? சொன்னேன். இன்னொரு சாவி யாரிடம் இருந்தது? சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு நொடி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி எழுதினார்.

அடுத்து இவரைக் கூப்பிட்டார்கள். கட்டை எடுத்தது தான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து, "யாருக்காகன்னு கேட்டாங்க. சொல்ல முடியாதுன்னுட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"அது என்னோட ரகசியம் இல்ல. நான் சும்மா சுமந்துக்கிட்டு நடக்கிறேன்."

ஆனால் இதோடு முடியவில்லை அக்கா. யாருக்காக என்று தெரியாதவரை, இவரும் கட்டுக்காரரும் சேர்ந்து விலைபேசியிருக்கலாம் என்று குழுத் தலைவர் நினைக்கிறார். கட்டுக்காரரை இன்னும் வேலையில் சேர்க்கவில்லை. முப்பதாம் தேதி முடிவு எழுதுவார்கள். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனார்.

நாற்பது பேரில் உன் மகனும் ஒருவன் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். முகாம் தொடங்கும்போதே, உறவினர் தாள் உண்டு என்று விதிப்படி எழுதிக் கொடுத்திருந்தேன். மிச்சம் முப்பத்தொன்பது பேர்மேலும் சந்தேகப்பட்டேன், அவன்மேல் மட்டும் படவில்லை. என்னை சந்தேகப் பிராணி என்றாய். அந்தப் பெயருக்குக்கூட நான் லாயக்கில்லை.

பதினாலாம் தேதியே மறுபடி உள்ளே போய், யாருக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைச் சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். அதற்கு முன் நீ போனால் உன் வாயால் போகும். இல்லையென்றால் என் வாயால்.

தங்கை

•

ஜூன் 27

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்காமல் கடிதம் தொடங்க வரவில்லை. நலமா?

உன் கடிதத்தைப் பத்து நாள் சமையலறைப் பரணில் வைத்திருந்தேன். பெட்டி கட்டக் கயிறு தேடி ஏறியவன் எடுத்துவிட்டான். அங்கேயே ஏணியில் உட்கார்ந்து முழுவதும் படித்தான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்து ஒன்றுதான் கேட்டான்: "அந்தக் கட்டுக்காரர் வீடு எங்கம்மா இருக்கு?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. நாலு மாதத்தில் அப்படி ஒரு வீடு இருக்கும் என்றே நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கத்துவான், கதவை அடைத்துக்கொள்வான் என்று பயந்தேன். அன்று ராத்திரி நான்தான் தூங்கவில்லை. அவன் காலையில் எழுந்து, குளித்து, பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டு வந்தான். அத்தானிடம் அவனே சொன்னான். அவர் என்னோடு பேசுவதில்லை. இருமினால் வெந்நீர் வைக்கிறேன், குடிக்கிறார்.

நாளை மறுநாள் நானும் அவனும் குழுவிடம் வருகிறோம். விசாரணை அறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, யாரிடம் பெயர் கொடுக்கவேண்டும் என்று இதைக் கொண்டுவரும் ஆளிடமே எழுதிக் கொடு. என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும்? அவன் பழைய ஹால் டிக்கெட் இருக்கிறது, அது போதுமா?

அங்கே சித்தி இருப்பாளா என்று அவன் கேட்கிறான். நான் கேட்கவில்லை.

அக்கா